ஐம்பத்து மூணுல வரணும்

சார், கொஞ்சம் அந்தக் கண்ணாடியைத் தள்ளி விடறீங்களா? இன்னும் கொஞ்சம். ஆங், முழுசா. அப்பாடா! தப்பா நினைக்காதீங்க, எனக்கு வேர்வை உடம்பு. காத்து இல்லாட்டி ஒரு நிமிஷம் உக்கார முடியாது. இந்தப் பெட்டி உங்களை இடிக்குதா? இருங்க, மடியில வச்சுக்கறேன். கண்டக்டர் கீழ வைன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். இன்னைக்குத்தான் சார் ரிட்டயர் ஆனேன். மாலையைப் பையில திணிச்சாச்சு, பொன்னாடையை மடிச்சாச்சு, பெட்டியை மட்டும் கீழ வைக்க மனசு வரலை. யார் குடுத்தது தெரியுமா? எங்க லேப் மேனேஜர் ஜெசிந்தா மேடம். அவங்க கையால.

நீங்க சிதம்பரமா? நான் பி.முட்லூர். அதுவரைக்கும் பேசிக்கிட்டே போகலாம். பேர் கனகசபை.

கடலூர் சிப்காட்ல ஒரு டெஸ்டிங் லேப் சார். கம்பெனிக்காரங்க பாட்டில் பாட்டிலா கெமிக்கலைக் கொண்டாந்து குடுப்பாங்க, நாங்க சோதிச்சு ரிப்போர்ட் குடுப்போம். நான் கெமிஸ்ட் இல்லை. ரிப்போர்ட் டைப் பண்றவன். ஆனா முப்பத்தோரு வருஷம் டைப் பண்ணா டைப் பண்றவனும் பாதி கெமிஸ்ட்தான், என்ன சொல்றீங்க? எங்க லேப்ல எனக்குத் தெரியாம ஒரு துரும்பு அசைஞ்சது கிடையாது. அதை மட்டும் அடிச்சுச் சொல்வேன்.

அந்த ஜெசிந்தா மேடத்தை மேடம் ஆக்கினதே நான்தான். சிரிக்காதீங்க, கேளுங்க. பதினோரு வருஷத்துக்கு முந்தின கதை.

அப்ப அவங்க மேடம் இல்லை, பொண்ணு. கடலூர் ஓ.டி.யில இருந்து சைக்கிள்ல வரும். ஆறு மாசத் தற்காலிகம். வேலை என்னன்னா ஃப்ளாஷ் பாயிண்ட் பாக்கறது. அது என்னன்னா சார், ஒரு எண்ணெயோ தின்னரோ, சூடு ஏற ஏற அதுல இருந்து ஆவி கிளம்பும் இல்லையா? எந்த டிகிரியில அந்த ஆவி, கிட்ட நெருப்பு வந்தா சட்டுனு பத்திக்கற அளவுக்குச் சேருதோ, அதுதான் ஃப்ளாஷ் பாயிண்ட். ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கும். உள்ள கோடு போட்டிருக்கும், கோடு வரைக்கும் சரக்கை ஊத்தி மூடியை மாட்டணும். கீழ இருந்து நிதானமா சூடு. மூடியில ஒரு குட்டிக் கதவு, அதுக்கு மேல பாசிப்பயறு அளவுக்கு ஒரு சுடர். ஒவ்வொரு டிகிரிக்கும் குமிழைத் திருப்பினா கதவு திறக்கும், சுடர் உள்ள எட்டிப் பாத்துட்டு வெளிய வந்துடும். ஒண்ணும் ஆகலைன்னா அடுத்த டிகிரி. அப்படியே போய்க்கிட்டு இருக்கும்போது ஒரு டிகிரியில நீலமா ஒரு மின்னல், கண் சிமிட்டற நேரம். அவ்வளவுதான். அந்த டிகிரியை எழுதிக்கணும்.

எதுக்கு இவ்வளவு கூத்துன்னா, அறுபது டிகிரி வரைக்கும் வந்தா அது தீப்பிடிக்கற சரக்கு. சிவப்பு லேபிள் ஒட்டணும், ஏத்தறது இறக்கறது எல்லாத்துக்கும் கெடுபிடி. அறுபதுக்கு மேலன்னா அந்தத் தொல்லை இல்லை. அதனால பார்ட்டி எல்லாருக்கும் அறுபதுக்கு மேல வரணும்னு ஆசை. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு முப்பத்தஞ்சுக்கு மேல மார்க் வரணும்னு இருக்கும் பாருங்க, அந்த மாதிரி.

இதுல எனக்கு என்ன கஷ்டம்னு கேளுங்க. அந்த டெஸ்ட் நடக்கும்போது காத்து அசையக் கூடாது. ஒரே ஹால்தான் சார். அந்தப் பொண்ணோட மேஜை அந்த மூலை, என்னோட மேஜை இந்தப் பக்கம், நடுவுல ஆறடி. ஃபேனை நிறுத்து. ஜன்னலைச் சாத்து. எப்போ? சித்திரை வைகாசியில! சிப்காட் வெயில்ல! சாயங்காலம் வீட்டுக்குப் போனா என் சட்டையைப் பிழிஞ்சா ஒரு சொம்பு தேறும். முன்னாடி இருந்த ஆள் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு முடிச்சுடுவாரு. இந்தப் பொண்ணு வந்ததுல இருந்து ஒரே சரக்கை ரெண்டு தடவை, மூணு தடவை. "சந்தேகமா இருக்கு சார்"ங்கும். இத்தனை சந்தேகம் உள்ளவங்க எதுக்கு சார் வேலைக்கு வரணும்?

ஹால் சுவர்ல ஒரு போர்டு இருக்கும், 'சோதனை நேரத்தில் மின்விசிறி இயக்கக் கூடாது'ன்னு. அதை டைப் பண்ணி ஒட்டினதே நான்தான். நான் சட்டத்தை மீறற ஆள் இல்லை. ஆனா சட்டம் சீலிங் ஃபேனுக்குத்தானே சார்? பாண்டிச்சேரி போனப்போ ஒரு குட்டி டேபிள் ஃபேன் வாங்கினேன். பச்சைக் கலர். ஒரு இறக்கையில ஓரம் ஒடிஞ்சிருந்தது, ஆனா சத்தமே வராது. அதைக் கொண்டாந்து மேஜைக்கு அடியில வச்சு, பீரோவுக்குப் பின்னாடி இருந்த பிளக்ல மாட்டிட்டேன். காலுக்கு மட்டும் சார்! முழங்காலுக்குக் கீழ. முழங்காலுக்குக் கீழ அடிக்கற காத்து யாரை என்ன பண்ணும்? மேல பாத்தா நான் சந்நியாசி மாதிரி வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன், கீழ ஊட்டி. ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உங்ககிட்டதான் முதல் தடவையாச் சொல்றேன்.

ஆமாண்ணே, பி.முட்லூர் ஒரு டிக்கெட். குடுங்க.

எங்க விட்டேன்? ஆங். அந்தச் சமயத்துலதான் பிரச்சினை ஆரம்பிச்சுது. ஏதோ ஒரு கம்பெனி, மெஷின் பாகமெல்லாம் கழுவற திரவம் கொண்டாந்தான். நூத்துக் கணக்குல டிரம், கப்பல்ல போகணும். பொண்ணு மத்தியானம் டெஸ்ட் பண்ணுச்சு, அறுபத்து ரெண்டு வந்தது. நான் மடமடன்னு டைப் அடிச்சு நீட்டிட்டேன், கையெழுத்துப் போடும்மான்னு. போடலை. மறுநாள் காலையில எட்டு மணிக்கே வந்து, நான் வர்றதுக்கு முன்னாடி திரும்பப் பண்ணிருக்கு. ஐம்பத்தெட்டு. எதை நம்பறது? பார்ட்டி போன்ல கத்தறான். அப்ப மேனேஜர் வேதமூர்த்தி சார். அவரு இந்தப் பொண்ணைப் பிடிச்சுக் கத்தறாரு.

அப்புறம் என்ன செஞ்சுதுன்னா, டெக்கேன்னு ஒரு சரக்கு இருக்கு சார், மெஷின் ஒழுங்கா இருக்கான்னு பாக்கறதுக்கே வச்சிருப்பாங்க. எங்க லேப் ஆகட்டும், அமெரிக்கா ஆகட்டும், அது ஐம்பத்து மூணுல வரணும். வந்தே ஆகணும். இந்தப் பொண்ணுக்கு ஒரு நாள் ஐம்பத்தாறு, ஒரு நாள் ஐம்பத்தஞ்சரை, ஒரு நாள் ஐம்பத்தேழு. தெர்மாமீட்டரை மாத்துச்சு. கிண்ணத்தைத் தேய் தேய்னு தேய்ச்சுது. சுடருக்கு வர்ற கேஸ் டியூபை மாத்துச்சு. ஒண்ணும் கேக்கலை. ஒரு நாள் மெஷின் முன்னாடி உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தது. எனக்குப் பாவமாத்தான் இருந்தது. காலுக்குக் கீழ ஃபேன் ஓடிக்கிட்டு இருந்ததால அந்தப் பாவத்தை நிம்மதியாப் பட முடிஞ்சுது.

வேதமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டாரு. "கனகசபை, நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, என்னய்யா நடக்குது?"ன்னாரு. நான் மனசுல பட்டதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்குக் குமிழைத் திருப்பும்போது கை நடுங்குது சார். இந்த வேலைக்குச் சரிப்படாது"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். வேற வேலைக்குப் போனா அவங்களுக்கும் நிம்மதி, எனக்கும் சீலிங் ஃபேன்.

அவரும் முடிவு பண்ணிட்டாரு. அடுத்த மாசம் ஒரு பாட்டில் வரும். ஊர் பேர் கிடையாது, வெறும் நம்பர். நாடு முழுக்க முப்பது லேபுக்கு அதே சரக்கு போகும். எல்லாரும் டெஸ்ட் பண்ணி அனுப்பணும். மத்தவங்களுக்கு வர்றதுதான் நமக்கும் வரணும். விலகிப் போச்சுன்னா எங்க லேபுக்கு ஃப்ளாஷ் பாயிண்ட் பாக்கற அங்கீகாரமே போயிடும். "அந்தப் பாட்டில் சரியா வந்தா நீ பெர்மனன்ட். வரலைன்னா அன்னைக்கே கிளம்பு"ன்னு என் முன்னாடியே சொன்னாரு. அந்தப் பொண்ணு "சரி சார்"னு ஒரே வார்த்தை. வீட்டுல சம்பாத்தியம்னு அது ஒண்ணுதான் போலிருக்கு, வாசல்ல மோர் விக்கறவ சொன்னா.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் லீவு. மச்சினன் பிள்ளைக்குக் காது குத்து. திங்கக்கிழமை வந்தா பொண்ணு முகத்துல ஒரு தெளிவு. "வெள்ளிக்கிழமை டெக்கேன் மூணு தடவையும் ஐம்பத்து மூணு வந்தது சார்"னு சொல்லுச்சு. நான் உடனே, "பாத்தியாம்மா, வெள்ளிக்கிழமை விசேஷம்"னேன். என்னையே உத்துப் பாத்தாங்க. அன்னைக்கு மத்தியானம் திரும்ப ஐம்பத்தாறு.

அப்புறம் ஒரு வேடிக்கை. செவ்வாக்கிழமைன்னு நினைக்கறேன். என் மேஜைகிட்ட பேனா விழுந்துடுச்சுன்னு குனிஞ்சு தேடினாங்க. தேடினாங்க, தேடினாங்க, தரையிலயே உக்காந்து தேடினாங்க. எந்திரிச்சு என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. முகத்துல கோபமும் இல்லை சிரிப்பும் இல்லை. "பேனா கிடைச்சுதாம்மா?"ன்னேன். "கிடைச்சுது சார்"னாங்க. கையில பேனா இல்லை! அவ்வளவு குழப்பத்துல இருந்திருக்கு பாவம்.

ஆனா மறுநாள்ல இருந்து என் மேல மரியாதை வந்துடுச்சு சார். அது எப்படி வந்ததுன்னு தெரியலை. "சார், போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வர்றீங்களா? நீங்க போனாத்தான் சரியா இருக்கும்." போவேன். "சார், நீங்க போய் டீ சாப்பிட்டு வாங்க, நான் போனைப் பாத்துக்கறேன்." போவேன். ஒரு நாளைக்கு மூணு டீ. நான் சீட்டை விட்டு எந்திரிச்ச பின்னாடிதான் மெஷின்ல உக்காருவாங்க. பெரியவங்க முன்னாடி உக்கார ஒரு கூச்சம். நான் இல்லாதப்போ ஐம்பத்து மூணு, ஐம்பத்து மூணுன்னு வந்துக்கிட்டே இருந்தது. அந்தக் கழுவற திரவத்தைக்கூடத் திரும்பப் பாத்து, ஐம்பத்தெட்டுன்னு கையெழுத்துப் போட்டாங்க. பார்ட்டி குதிச்சான். சிவப்பு லேபிள் ஒட்டித்தான் டிரம் எல்லாம் போச்சு. எல்லாம் கை பழகினதுதான், வேற என்ன?

நம்பர் பாட்டில் வந்த நாளை மறக்க மாட்டேன். காலையில ஜெசிந்தா என்கிட்ட வந்து, "சார், பாண்டிச்சேரி பார்ட்டிக்கு இந்த ரிப்போர்ட்டை நேர்ல குடுக்கணும். முக்கியமானது. உங்களைத் தவிர யாரையும் அனுப்ப முடியாது"ன்னாங்க. வெளியூர் டூட்டி சார்! எனக்கு! முப்பத்தோரு வருஷத்துல ஒரே தடவை. பஸ்ல ஏறினேன், ஆனா மனசு கேக்கலை. அந்தப் பொண்ணு பொழப்பு இன்னைக்கு அந்தக் கிண்ணத்துல இருக்கேன்னு நினைச்சேன். நம்ம வாயாலதானே கை நடுங்குதுன்னு சொன்னோம்னு ஒரு உறுத்தல். திருப்பாதிரிப்புலியூர்ல இறங்கிட்டேன். பிள்ளையாருக்கு ஒரு சிதறு தேங்காய் உடைச்சேன். மணி பதினொண்ணு இருபது. அப்புறம் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் பாண்டிச்சேரி போய் ரிப்போர்ட்டைக் குடுத்தேன். சாயங்காலம் வந்து கேட்டா, சரியா பதினொண்ணு இருபதுக்குத்தான் அங்க மின்னல் அடிச்சிருக்கு! உடம்பு சிலிர்த்துப் போச்சு சார். ஒரு மாசம் கழிச்சு லெட்டர் வந்தது, முப்பது லேப்ல எங்களோடது நட்ட நடுவுல. அதான் சொன்னேன், அவங்களை மேடம் ஆக்கினது நான்தான்னு. தேங்காயை யார் உடைச்சது?

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு நஷ்டம். பாண்டிச்சேரியில இருந்து திரும்பி வந்து பாத்தா மேஜைக்கு அடியில ஃபேனைக் காணோம். மாடியில வெள்ளையடிக்க வந்திருந்தானுங்க, அவனுங்க வேலைதான். யார்கிட்டப் போய்க் கேக்கறது? இருக்கவே கூடாத ஃபேனைக் காணோம்னு புகார் குடுக்க முடியுமா?

அதுக்கப்புறம் வேதமூர்த்தி சார், ரீடிங் ஏன் முதல்ல தப்பா வந்ததுன்னு காரணம் எழுதிக் குடுக்கச் சொன்னாரு. ஜெசிந்தா சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணேன். 'காரணம்: சோதனை இடத்தில் காற்று. நடவடிக்கை: காற்று வந்த மூலம் அகற்றப்பட்டது.' நான் நிறுத்திட்டேன். "ஏம்மா, ஜன்னலை எப்படி அகற்றுவீங்க? அடைக்கப்பட்டதுன்னு போடுங்க"ன்னேன். அப்ப பாக்கணும் சார், அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது. ஆறு மாசத்துல முதல் தடவையா அது சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். "சரி சார், அடைக்கப்பட்டதுன்னே போட்டுடுங்க"ன்னாங்க. வேதமூர்த்தி சார், "யார் விட்ட காத்து?"ன்னு கேட்டாரு. "நான் கவனிக்காம விட்டது சார், என் தப்பு"ன்னு அவங்களே ஏத்துக்கிட்டாங்க. நல்ல மனசு.

அந்த வாரமே எனக்குப் பிரமோஷன் மாதிரி. ஜெசிந்தாதான் சிபாரிசு பண்ணாங்க. "சாரை வாசல் பக்கம் போடுங்க, வர்ற பார்ட்டியை அவர்தான் நல்லாப் பேசி சமாளிப்பாரு"ன்னு. வாசல் பக்கம்னா தலைக்கு மேலயே ஃபேன், ஜன்னல், வேப்ப மரத்துக் காத்து. பதினோரு வருஷம் ராஜா மாதிரி உக்காந்திருந்தேன். நம்ம நேரம் நல்லா இருந்தா எல்லாம் தானா வரும் பாருங்க.

புதுச்சத்திரம் வந்துடுச்சா? அதுக்குள்ளயா?

இந்தப் பெட்டியா? தெரியலை சார், குத்துவிளக்கா இருக்கும்னு நினைக்கறேன். ஆனா குத்துவிளக்கு இவ்வளவு அகலம் இருக்காதே. குடுக்கும்போது, "வீட்டுல போய்ப் பிரிங்க சார்"னாங்க. கண்ணு கலங்கி இருந்தது, ஆனா உதட்டுல சிரிப்பு. பிரிச்சுப் பாக்கலாமா? நீங்களும் ஆசையாத்தான் பாக்கறீங்க. மூலையில காகிதம் கிழிஞ்சு இருக்கு, கொஞ்சம் இழுத்தா வந்துடும். இருங்க.

ஃபேன் சார்!

பாருங்களேன், ஃபேன்! குட்டி டேபிள் ஃபேன். பச்சைக் கலர். என்னோடது மாதிரியே... நான் ஃபேன் வச்சிருந்தது இவங்களுக்கு எப்படி...

இந்த இறக்கையில ஓரம் ஒடிஞ்சிருக்கு.

சார், ஒரு நிமிஷம். கீழ ஒரு தாள் ஒட்டியிருக்கு. பழைய தாள், மஞ்சளாப் போச்சு. ஜெசிந்தா கையெழுத்துதான். இந்த எழுத்தை எத்தனை வருஷம் பாத்து டைப் பண்ணிருக்கேன்! தேதி போட்டிருக்கு. 'சார் சீட்டில், 56. சார் சீட்டில், 55½. சார் சீட்டில், 57. சார் லீவு, 53, 53, 53. சார் சீட்டில், 56. சார் போஸ்ட் ஆபீஸ், 53. சார் டீக்கு, 53.' கடைசியில, 'சார் பாண்டிச்சேரி.' அதுக்கு நேரா ஒரு டிக்.

அடியில இப்ப எழுதினது, புது மை. 'சார், இதை உங்க மேஜைக்கடியில் இருந்து எடுத்தது நான்தான், மன்னிச்சிடுங்க. சொன்னால் உங்கள் வேலை போயிருக்கும். இனிமேல் தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெசிந்தா.'

பதினோரு வருஷம் சார். ஒரு வார்த்தை கேக்கலை. கை நடுங்குதுன்னு நான் போய்ச் சொன்னது, வேதமூர்த்தி சார் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருப்பாரா? அதுவும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் என்னை வேப்ப மரத்துக் காத்துல கொண்டுபோய் உக்கார வச்சிருக்கு அந்தப் பொண்ணு. நான் அதைப் பிரமோஷன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். தேங்காய் வேற உடைச்சேன்!

நீங்களும் சிரிங்க சார், பரவாயில்லை. எனக்கே சிரிப்பு வருது. கண்ணுல தண்ணியும் வருது, ரெண்டும் சேந்து வருது.

அந்த டிரம்முக்கு அறுபத்து ரெண்டுன்னு நான் டைப் அடிச்சு வச்சிருந்தேன் சார். சிவப்பு லேபிள் இல்லாம போயிருக்கும். எவனோ ஒரு டிரைவர், வெயில்ல நின்ன லாரி பக்கத்துல, ஒண்ணுமில்லாத சரக்குதானேன்னு பீடியைப் பத்த வச்சிருப்பான். முழங்காலுக்குக் கீழ அடிக்கற காத்து யாரை என்ன பண்ணும்னு கேட்டேன் பாருங்க, இந்த வாயால.

நாளைக்கு லேபுக்குப் போகணும். ரிட்டயர் ஆனவன் போகக் கூடாதுன்னு ஒண்ணும் போர்டு இல்லையே? இருந்தா அதையும் நான்தான் டைப் பண்ணிருப்பேன். போய் அந்தப் பொண்ணு முன்னாடி நின்னு, கை நடுங்குதுன்னு சொன்னவன் நான்தாம்மான்னு சொல்லணும். தெரியும் சார்னு சொல்லும். சொல்லட்டும், நான் சொல்லணும் இல்லையா?

ஐயோ, தாள் படபடன்னு அடிச்சுக்குது பாருங்க. பறந்துடப் போகுது.

சார், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் மூடிடறீங்களா? முழுசா மூடிடுங்க. வேர்த்தா வேர்க்கட்டும்.